இடம் இல்லை என்பதைச் சொல்லும் விதம்: அமெரிக்கக் கல்லூரி பாஸ்கெட்பால் கோச்சுக்கான முழு வழிகாட்டி

அமெரிக்கக் கல்லூரி பாஸ்கெட்பாலில் ஒரு பையனை எடுக்கவில்லை என்று முடிவானால், பெரும்பாலும் அதை யாரும் அவனிடம் சொல்வதில்லை. வாரம் இரண்டு முறை வந்த மெசேஜ் மாதம் ஒன்றாகக் குறையும். அப்புறம் பிறந்தநாள் வாழ்த்து மட்டும் வரும். அடுத்த வருடம் அதுவும் வராது. இதற்கிடையில் அந்தப் பதினேழு வயதுப் பையன், "கோச் சீசன்ல பிஸியா இருப்பார்" என்று வீட்டில் சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பான். வேறொரு சின்னக் கல்லூரி கேட்டபோது யோசித்துச் சொல்கிறேன் என்று பதில் அனுப்பியிருப்பான். அந்த இடமும் வேறு யாருக்கோ போயிருக்கும்.

இந்த வழிகாட்டி கோச்சின் பக்கம் உட்கார்ந்து எழுதியது. குறிப்பாக, ஊர் ஊராக ஆள் தேடி அலையும் உதவி கோச்சுக்காக. பிள்ளையை இந்த வழியில் அனுப்பியிருக்கும் பெற்றோரும் படிக்கலாம். போன் ஏன் நின்றது என்பது புரியும். சென்னைக் கல்லூரிகளில் ஸ்போர்ட்ஸ் கோட்டா டிரயல்ஸ் நடத்தும் சார்களுக்கும் இதில் பாதி பொருந்தும். அங்கேயும் பட்டியலில் பெயர் இல்லை என்பதே பல நேரம் முழுப் பதில்.

முதலில் கணக்கு

கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மேல்தட்டு டிவிஷன் 1. அதில் 360-க்கு மேற்பட்ட ஆண்கள் அணிகள் இருக்கின்றன. 2025-26 சீசன் முதல், வீரர்களுக்குக் கல்லூரியே பணம் தர வழிவிட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்தை ஏற்றுக்கொண்ட கல்லூரிகளில் ஒரு அணிக்கு 15 பேர்தான் உச்சவரம்பு. அதற்கு முன் ஆண்கள் அணிக்கு 13 ஸ்காலர்ஷிப், அதற்கு மேல் ஸ்காலர்ஷிப் இல்லாமல் ஆடும் வாக்-ஆன் வீரர்கள் என்று இருந்தது. இந்த 15-இல் பழைய ஆட்கள் போக வேண்டும். கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் போடும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018-இல் வந்தது; அதிலிருந்து, வேறு கல்லூரியில் ஏற்கெனவே ஆடிக் காட்டிய 21, 22 வயது ஆட்களை எடுத்தது போக வேண்டும். பள்ளி முடித்து வரும் பையனுக்கு மிஞ்சுவது இரண்டோ மூன்றோ இடம். சில வருடம் ஒன்றுகூட இராது. அந்த இடங்களுக்காகக் கோச்சுகள் நூற்றுக்கணக்கான பையன்களைப் பார்க்கிறார்கள்.

முதல் ஆள் கடைசி நேரத்தில் வேறு கல்லூரிக்குப் போய்விட்டால் என்ன செய்வது? இந்தப் பயம்தான் நான்காவது, ஐந்தாவது ஆளைத் தொங்கலில் விட வைக்கிறது. அவனிடம் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். சரி என்றும் சொல்ல மாட்டார்கள். கோச்சுக்கு இதில் நஷ்டம் எதுவும் இல்லை, அதனால்தான் பழக்கம் மாறாமல் இருக்கிறது.

விதிகளில் மூன்று விஷயம் மட்டும் இங்கே தேவை. டிவிஷன் 1 ஆண்கள் பாஸ்கெட்பாலில் பத்தாம் வகுப்பு முடிந்த ஆண்டின் ஜூன் 15-இலிருந்துதான் கோச் வீரரோடு நேரடியாகத் தொடர்புகொள்ளலாம். ஜூலை மாதப் போட்டிகளில் உட்கார்ந்து பார்க்கலாம், ஆனால் அங்கே வீரரிடம் நேரில் பேசக் கூடாது. கல்லூரியோடு இன்னும் கையெழுத்திடாத வீரரின் திறமையைப் பற்றி வெளியில் கருத்துச் சொல்லவும் கூடாது. ஆக, நேர்மையாகப் பேசுவதற்கு உங்களிடம் இருப்பது போன்தான்.

படி 1: எந்த வகை 'இல்லை' என்று முதலில் உங்களுக்குத் தெரியட்டும்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். போனை எடுக்கும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: இவனை ஏன் எடுக்கவில்லை?

சில நேரம் காரணம் அணியில் இருக்கும். பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டுகள் இருவர் ஏற்கெனவே இருக்கிறார்கள், மூன்றாவது ஆளுக்கு நிமிடம் கிடைக்காது. பையன் நன்றாகவே ஆடுகிறான். வேறு வருடமாக இருந்தால் எடுத்திருப்பீர்கள்.

சில நேரம் காரணம் தரம். உங்கள் கான்ஃபரன்ஸில், அதாவது நீங்கள் வழக்கமாக மோதும் கல்லூரிகளின் குழுவில், அவனால் தாக்குப்பிடிக்க முடியாது என்பது உங்கள் கணிப்பு. எதிரணி கார்டுகள் அவனைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

மூன்றாவது, இப்போது இல்லை, ஒருவேளை அடுத்த வருடம் என்பது. உயரம் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது, உடம்பு இன்னும் பிடிக்கவில்லை, ஆனால் கை நன்றாக இருக்கிறது. இது உண்மையிலேயே அரிது. ஆனால் போனில் அதிகமாகக் கேட்கப்படுவது இதுதான், ஏனென்றால் சொல்வதற்குச் சுலபம்.

பொய் நுழைவது இந்த மூன்றும் இடம் மாறும்போது. தரம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு "இந்த வருஷம் இடம் நிரம்பிடுச்சு" என்று சொன்னால், அவன் அடுத்த வருடம் அதே ஆட்டத்தோடு உங்கள் கதவைத் தட்டுவான். உண்மையிலேயே இடம்தான் இல்லை என்றால், அதைச் சொல்லாமல் விடுவதும் தப்பு. தன் ஆட்டத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்து, நன்றாக இருக்கிற ஷூட்டிங்கைப் போய் மாற்றிக்கொண்டிருப்பான்.

இதில் ஒரு அடக்கமும் வேண்டும். அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் நட்சத்திரம் ஸ்டீஃபன் கறியின் அப்பா டெல் கறி ஆடிய கல்லூரி வர்ஜீனியா டெக். மகனுக்கு அவர்கள் தர முன்வந்தது வாக்-ஆன் இடம் மட்டும். ஒல்லியான பையன், தாங்க மாட்டான் என்பது கணிப்பு. டேவிட்சன் கல்லூரி கோச் பாப் மெக்கிலப் அவரை அங்கே அழைத்துப் போனார். 2008-இல் அந்தச் சின்னக் கல்லூரி என்.சி.ஏ.ஏ. போட்டியில் கடைசி எட்டு வரை போனது. நீங்கள் சொல்வது உங்கள் அணிக்கான கணிப்பு, அவ்வளவுதான். அப்படியே சொல்லுங்கள். ஆனால் தயவுசெய்து போனில் ஸ்டீஃபன் கறி கதையை ஆறுதலாக எடுத்து விடாதீர்கள். அந்தப் பையன் ஏற்கெனவே ஆறு பேரிடம் அதைக் கேட்டிருப்பான்.

படி 2: கையில் ஆதாரம் இருக்கிறதா?

ஹைலைட் வீடியோவை மட்டும் பார்த்துவிட்டு ஒருவனுக்குக் குறை சொல்லக் கூடாது. குறைந்தது ஒரு முழு மேட்ச், முடிந்தால் அவன் தோற்ற மேட்ச் ஒன்று. ஹைலைட்டில் எல்லாரும் நல்ல ஷூட்டர்தான். தவறவிட்ட ஷாட்டுக்குப் பிறகு திரும்பி ஓடுகிறானா, உட்கார வைத்தால் பெஞ்சில் எப்படி இருக்கிறான், நாலாவது குவார்ட்டரில் கால் எப்படி நகர்கிறது, இதெல்லாம் முழு ஆட்டத்தில்தான் தெரியும்.

பார்த்தது வீடியோ மட்டும்தான் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். "உன்னை நேரில் பார்க்கவில்லை, இரண்டு மேட்ச் வீடியோவை வைத்துச் சொல்கிறேன்" என்ற ஒரு வரி, நீங்கள் சொல்லப்போகிறதற்கு எவ்வளவு எடை தர வேண்டும் என்பதை அவனுக்குக் காட்டிவிடும். உங்கள் அணியின் இன்னொரு உதவி கோச்சும் அதே குறையைப் பார்த்தாரா என்று கேட்டுக்கொள்வது நல்லது. இருவரும் தனித்தனியாக ஒரே விஷயத்தைச் சொன்னால் அதை எடுத்துக்கொண்டு போன் செய்யுங்கள்.

படி 3: எப்போது

முடிவான ஒரு வாரத்துக்குள். ஜூலைப் போட்டிகள் முடிந்ததும் ஆகஸ்டில் பட்டியல் சுருங்கும். நவம்பர் நடுவில் கையெழுத்துக் காலம் தொடங்கும். ஆகஸ்டில் சொன்னால் அவனுக்கு மூன்று மாதம் இருக்கிறது. நவம்பரில் சொன்னால் ஒன்றும் இல்லை.

இன்னும் முடிவாகவில்லை, வேறொருவன் பதிலுக்காகக் காத்திருக்கிறீர்கள் என்றால்? அதையும் சொல்லலாம். "உன் பொசிஷனில் எங்களுக்கு நீ மூன்றாவது. முதல் இருவரின் பதில் அக்டோபர் முதல் வாரத்தில் தெரியும். அதுவரை எந்த ஆஃபர் வந்தாலும் எங்களுக்காக நிறுத்தி வைக்காதே." இப்படிச் சொன்னால் பையன் ஓடிவிடுவான் என்று பல கோச்சுகள் பயப்படுகிறார்கள். ஓடலாம். ஓடுவதற்கு அவனுக்கு உரிமை இருக்கிறது.

படி 4: யார் பேசுவது

எவ்வளவு நெருங்கிப் போனீர்களோ, அவ்வளவு பெரிய ஆள் பேச வேண்டும். கேள்வித்தாள் நிரப்பி அனுப்பியவனுக்கு இமெயில் போதும், அதில் "இல்லை" என்ற சொல் தெளிவாக இருந்தால். மாதக்கணக்கில் மெசேஜ் அனுப்பியிருந்தால், அனுப்பிய உதவி கோச் போன் செய்ய வேண்டும். வளாகத்துக்கு வரவழைத்து ஜெர்சி மாட்டிப் போட்டோ எடுத்திருந்தால் ஹெட் கோச் பேச வேண்டும். வாய்மொழியாக ஆஃபர் கொடுத்துவிட்டுத் திரும்பப் பெறுவது வேறு கதை. விதிப்படி வாய்மொழி ஆஃபர் யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் அந்த வேலையை உதவி கோச்சின் தலையில் கட்டும் ஹெட் கோச்சைப் பற்றி அந்த ஊர் பத்து வருடம் பேசும்.

வழக்கத்தில் இன்னொன்று நடக்கிறது. பள்ளிக்கு வெளியே பையன் ஆடும் ஏ.ஏ.யு. கிளப்பின் கோச்சிடம் முதலில் சொல்லிவிடுவார்கள், அவர் பையனிடம் சொல்லிக்கொள்ளட்டும் என்று. என் கட்சி: பையனுக்கு முதலில், அரை மணி நேரத்துக்குள் அவன் கோச்சுக்கு. இருவருக்கும் ஒரே காரணம். கோச்சிடம் "தரம் போதாது" என்றும் பையனிடம் "இடம் இல்லை" என்றும் சொன்னால் அன்று மாலையே இரண்டும் ஒரு இடத்தில் சேரும்.

படி 5: அந்தப் போன்

முதல் மூன்று வாக்கியத்துக்குள் விஷயம் வந்துவிட வேண்டும். சீசன் எப்படிப் போகிறது, அம்மா நலமா என்று ஐந்து நிமிடம் பேசிவிட்டு இடி இறக்குவது கொடுமை. அந்த ஐந்து நிமிடமும் அவன் ஆஃபர் வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பான்.

"ரெண்டு நிமிஷம் தனியா பேச முடியுமா? நேரா விஷயத்துக்கு வர்றேன். உனக்கு ஆஃபர் தரப்போறதில்லைன்னு முடிவு பண்ணியிருக்கோம். இதை நீ என் வாயால கேட்கணும்னுதான் கூப்பிட்டேன்."

இங்கே நிறுத்துங்கள். அடுத்த வாக்கியத்தை "ஆனால்" என்று தொடங்கினால் முன்னால் சொன்னது கரைந்துபோகும். அவன் அநேகமாக, "ஓகே கோச், தேங்க்ஸ் கோச்" என்பான். அது மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் பேச்சு. போனை வைத்துவிட அவசரப்படுவான். நீங்களும் நிம்மதியாக வைத்துவிடத் துடிப்பீர்கள். வைக்காதீர்கள்.

"ஏன்னு தெரிஞ்சுக்கணுமா? இப்ப வேணாம்னாலும் சரி, வியாழக்கிழமை சாயங்காலம் கூப்பிடறேன்."

இந்தக் கேள்வி முக்கியம். கேட்காதவனிடம் குறையை அடுக்கினால் காதில் ஏறாது. வேண்டாம் என்றால் வியாழக்கிழமை மறக்காமல் கூப்பிடுங்கள். வேண்டும் என்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

படி 6: என்ன சொல்வது

இரண்டு குறை, ஒரு நிறை. அதற்கு மேல் வேண்டாம். ஏழு குறை சொன்னால் அவன் எதையும் எடுத்துக்கொள்ள மாட்டான். நிறையும் உண்மையாக, குறிப்பாக இருக்க வேண்டும். "நல்ல பையன்", "கடுமையாக உழைக்கிறாய்" என்பதெல்லாம் சொல்ல எதுவும் இல்லாதபோது சொல்வது என்று பையன்களுக்கு நன்றாகவே தெரியும்.

குறையைச் சொல்லும்போது ஆட்டத்தில் நடந்ததைச் சொல்லுங்கள். "நீ போதிய அத்லெட் இல்லை" என்பதை வைத்துக்கொண்டு அவன் திங்கட்கிழமை காலை ஜிம்மில் என்ன செய்வான்? அதையே இப்படிச் சொல்லலாம்: "எதிராளி உன் இடது பக்கம் போனால் உன் முதல் அடி பின்னால் போகிறது, இடுப்பு திறந்துவிடுகிறது. நான் பார்த்த மேட்சில் நாலு முறை அப்படித்தான் கடந்து போனார்கள்." இதில் அவனுக்கு வேலை இருக்கிறது.

ஷூட்டிங் பற்றிப் பேசினால், பள்ளிக்கும் கல்லூரிக்கும் உள்ள தூரத்தைச் சொல்லாமல் பேசக் கூடாது. பள்ளியில் த்ரீ பாயிண்ட் கோடு 19 அடி 9 அங்குலம். கல்லூரியில் ஆண்களுக்கு 2019-20 முதல் 22 அடி 1¾ அங்குலம். கிட்டத்தட்ட இரண்டரை அடி கூடுதல், அதோடு எதிரில் ஓடி வருகிறவனின் கை நீளமும் கூடுதல். பள்ளியில் 40 சதவீதம் போட்ட பையன் தன்னைக் கல்லூரி ஷூட்டர் என்று நம்புவது நியாயம்தான். அவனிடம் சொல்ல வேண்டியது: "பந்தை வாங்கியதும் இடுப்புக்குக் கீழே இறக்கி அப்புறம் தூக்குகிறாய். பள்ளியில் அதற்கு நேரம் கிடைக்கிறது. இங்கே அதற்குள் தடுத்துவிடுவார்கள்." கூடவே ஃப்ரீ த்ரோ கணக்கையும் பாருங்கள். யாரும் தடுக்காத ஷாட். அதில் அறுபது சதவீதத்தைத் தாண்டாதவனிடம் த்ரீ பாயிண்டர் நம்பிக்கை கொடுப்பது ஏமாற்று. எண்பதுக்கு மேல் இருந்தால், கை சரியாக இருக்கிறது, கால்தான் தயாராக வேண்டும் என்று தைரியமாகச் சொல்லலாம்.

கார்டுகளிடம் வேகம் பற்றி. பல மாநிலங்களின் பள்ளி ஆட்டத்தில் ஷாட் கிளாக், அதாவது இத்தனை விநாடிக்குள் ஷாட் போட வேண்டும் என்ற வரம்பு, கிடையாது. கல்லூரியில் 30 விநாடி. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாக யோசித்துப் பழகிய பாயிண்ட் கார்டு இங்கே திணறுவான். அவன் அசிஸ்ட் (கூடைக்கு வழிவிட்ட பாஸ்) எத்தனை, டர்ன்ஓவர் (பந்தைப் பறிகொடுத்தது) எத்தனை என்பதை எடுத்துவைத்து, டர்ன்ஓவர்கள் எந்தச் சூழலில் வந்தன என்று சொல்லுங்கள். இருவர் சேர்ந்து நெருக்கும்போதா, ஓடும்போதா?

மாற்ற முடியாததை மாற்ற முடிவதுபோல் பேசாதீர்கள். "உன் உயரத்துக்கு நாங்கள் உன்னை கூடைக்கு அருகே ஆடும் ஃபார்வர்டாக ஆட வைக்க முடியாது, உன் பந்து கையாளல் இன்னும் கார்டு அளவுக்கு வரவில்லை" என்பதில் பாதி அவன் கையில் இல்லை, பாதி இருக்கிறது. எது எது என்று பிரித்துக் காட்டிவிடுங்கள்.

மார்க் பிரச்சினை என்றால் மறைக்கவே வேண்டாம். டிவிஷன் 1-க்கு 16 கோர் பாடங்கள் (ஆங்கிலம், கணக்கு போன்ற முக்கியப் பாடங்கள்), அவற்றில் குறைந்தது 2.3 ஜி.பி.ஏ. வேண்டும், 16-இல் பத்து, பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். இது பிடிக்காத செய்திதான், ஆனால் இதைச் சொன்னதற்காக ஒரு கோச்சை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சொல்லாமல் விட்டு வாய்ப்புப் போனால் சொல்வார்கள்.

படி 7: அப்பாவோ அம்மாவோ போனை வாங்கினால்

வாங்குவார்கள். "நீங்க எடுத்திருக்கற அந்தப் பையனை விட எங்க பையன் எதுல குறைஞ்சுட்டான்?" இன்னொரு வீரரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள். "மத்த பசங்களைப் பத்தி நான் பேச மாட்டேன். உங்க பையனைப் பத்தி எவ்வளவு வேணும்னாலும் கேளுங்க."

இந்தியப் பெற்றோர் சிலர், என்ன உயரம், எத்தனை பாயிண்ட் சராசரி இருந்தால் எடுப்பீர்கள் என்று கேட்பார்கள். இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் இருப்பதுபோல ஒரு கட்-ஆஃப் இருக்கும் என்ற எதிர்பார்ப்பு. அப்படி எதுவும் கிடையாது என்பதையும், ஒரே பையனை ஒரு கல்லூரி வேண்டாம் என்று அடுத்த கல்லூரி விரும்பி எடுக்கும் என்பதையும் பொறுமையாகச் சொல்லுங்கள். பேரம் பேசினால், முடிவு மாறாது என்று இன்னொரு முறை சொல்லிவிட்டு நன்றி சொல்லுங்கள். கோபத்தில் ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். அது அவர்கள் பிள்ளை.

படி 8: எங்கே போகலாம்

தரம்தான் காரணம் என்றால், எந்தத் தரம் பொருந்தும் என்று சொல்வது உங்கள் கடமை. "உன்னால் டிவிஷன் 2-இல் முதல் வருடமே ஆட முடியும் என்று நினைக்கிறேன்." டிவிஷன் 2-இல் பகுதி ஸ்காலர்ஷிப் உண்டு. டிவிஷன் 3-இல் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது, ஆனால் படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற உதவித்தொகை உண்டு. சில வீடுகளுக்கு அதுவே அதிகமாக வரும். என்.சி.ஏ.ஏ.வுக்கு வெளியே தனிச் சங்கமாக இருக்கும் என்.ஏ.ஐ.ஏ. கல்லூரிகள், இரண்டு வருட ஜூனியர் காலேஜ், பள்ளி முடித்தபின் ஒரு வருடம் பிரெப் ஸ்கூல் என்று வேறு வழிகளும் உண்டு.

"கீழே போய் ஆடு" என்ற தொனி வரக் கூடாது. டங்கன் ராபின்சன் வில்லியம்ஸ் என்ற டிவிஷன் 3 கல்லூரியில் ஒரு வருடம் ஆடிவிட்டு மிச்சிகனுக்கு மாறினார். 2020-இல் மயாமி அணிக்காக என்.பி.ஏ. இறுதிப் போட்டியில் ஆடினார். இதைப் பையனிடம் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் நினைவில் வைத்திருந்தால் குரலில் தெரியும்.

வேறு கோச்சிடம் அவனைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னால் பேசுங்கள், அதுவும் அவன் சம்மதம் கேட்டுவிட்டு. சும்மா வாய்ப்பேச்சுக்குச் சொல்வதாக இருந்தால் அந்த வாக்கியத்தையே விட்டுவிடுங்கள்.

படி 9: போனை வைத்த பிறகு

அன்றே ஒரு சின்ன மெசேஜ். எடுக்கவில்லை என்பதும், சொன்ன இரண்டு குறைகளும், அந்த ஒரு நிறையும் எழுத்தில் இருக்கட்டும். போனில் கேட்டதில் பாதி அவனுக்கு நினைவிருக்காது. உங்கள் கோப்பிலும் அதையே எழுதி வையுங்கள். நீங்கள் வேறு கல்லூரிக்குப் போனாலும் அடுத்து வருகிறவருக்குத் தெரிய வேண்டும்.

இதில் சுயநலமும் இருக்கிறது. போர்ட்டல் காலத்தில் இன்று வேண்டாம் என்றவன் இரண்டு வருடத்தில் தேவைப்படலாம். டெரிக் வைட், கொலராடோ ஸ்பிரிங்ஸில் ஒரு டிவிஷன் 2 கல்லூரியில் மூன்று சீசன் ஆடியபிறகுதான் கொலராடோ பல்கலைக்கழகத்துக்கு வந்தார். என்.பி.ஏ. அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2017 டிராஃப்டில் 29-ஆவதாகப் போனார். அப்படி ஒருவன் போர்ட்டலில் பெயர் போடும் அன்று, பதினேழு வயதில் தன்னிடம் நேராகப் பேசியவர் யார், மெசேஜை நிறுத்தியவர் யார் என்று அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் நன்றாக நினைவிருக்கும்.

அப்புறம் அவன் போஸ்ட்களுக்கு லைக் போடுவதை நிறுத்துங்கள். சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் பதினேழு வயதில் ஒரு கோச்சின் லைக்குக்கு ஆயிரம் அர்த்தம் கண்டுபிடிப்பார்கள். "கதவு திறந்தே இருக்கும்" என்று போனில் சொன்னது படி 1-இன் மூன்றாவது வகையாக இருந்தால் மட்டும் தொடர்பில் இருங்கள். எப்போது, எதைத் திரும்பப் பார்ப்பீர்கள் என்று தேதியோடு சொல்லியிருக்க வேண்டும்: "ஜனவரியில் இரண்டு முழு மேட்ச் அனுப்பு, முதல் அடியை மட்டும் பார்க்கிறேன்." ஜனவரியில் வீடியோ வந்தால், உங்கள் சீசன் நடுவிலேயே வந்தாலும், உட்கார்ந்து பார்த்துவிட்டு அந்த வாரமே பதில் எழுதுங்கள்.